திண்ணையில் உட்காரவைத்த நிரல்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் மகிழ்ச்சி. மாடிப்படியைக் கொஞ்ச நாள் மறந்துவிடு.

ஜாவா நிரல்மொழியில், ஓடும் நிரல் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்துக்கொள்ளும் செக்யூரிட்டி மேனேஜரைத் தூக்கிவிட்டார்களாமே என்று கேட்டிருந்தாய். உண்மைதான். 2021-ல் ஜாவா 17 வந்தபோதே கைவிடப்போவதாகச் சொன்னார்கள். 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24-ல் அதை இயக்கவே வழியில்லை.

வலைப்பக்கத்தோடு இறங்கி பிரவுசருக்குள் ஓடும் சின்ன ஜாவா நிரலான ஆப்லெட்டை நாம் எழுதித் திரிந்த நாளில் அதுதானே காவல்காரன்? எங்கோ ஒரு சர்வரிலிருந்து இறங்கும் நிரல் நம் கணினியில் ஓடலாம். ஆனால் ஃபைலைத் தொடக்கூடாது, வந்த சர்வரைத் தவிர வேறு எதனோடும் பேசக்கூடாது. முன்பின் தெரியாதவரைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பது மாதிரி. பிரிண்ட் எடுக்கக்கூட விடவில்லை என்று நீ திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

1997-ல் ஜாவாவின் அடுத்த பதிப்பான ஜேடிகே 1.1-ல், நிரல் யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் வந்தது. நாம் நம்பும் கையொப்பம் இருந்தால் அதே ஆள் நேராக அடுக்களை வரை போகலாம்! அடுத்த வருடமே ஜாவா 2-ல், எந்த நிரலுக்கு எந்த அனுமதி என்று பாலிசி ஃபைலில் பிரித்து எழுத வழி செய்தார்கள். நல்ல ஏற்பாடு. நாம் எங்கே எழுதினோம்? எல்லா அனுமதியும் தரும் ஒற்றை வரியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். முதலில் போட்டவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆப்லெட் மாதிரியே பிரவுசரில் இறங்கி ஓடும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸுக்கு அந்தத் திண்ணையும் கிடையாது, கையொப்பம் மட்டும்தான். 1996-ல் ஃபிரெட் மெக்லைன் என்ற புரோகிராமர் 'எக்ஸ்ப்ளோடர்' என்று ஒரு ஆக்டிவ்எக்ஸ் நிரல் எழுதி, சான்றிதழ் தரும் வெரிசைன் நிறுவனத்திடம் முறைப்படி சான்றிதழ் வாங்கிக் கையொப்பமும் இட்டார். இறக்கி ஓடவிட்டால் விண்டோஸ் 95 தானாக அணைந்துவிடும். கையொப்பம் அசல்தான். ஆள் யார் என்று அது சொல்லும், வந்து என்ன செய்வான் என்று சொல்லாதே!

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் நடப்பதையெல்லாம் லாகில் குறித்துவைக்க உதவும் லாக்4ஜேயில் ஓட்டை வெளிவந்ததே, அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. லாகில் எழுதவேண்டிய ஒரு வரியைப் படித்துவிட்டு, சர்வரே வெளியே போய் யாரோ வைத்த ஜாவா நிரல் துண்டைக் கொண்டுவந்து ஓட்டும். செக்யூரிட்டி மேனேஜர் அப்போதும் ஜாவாவில் இருந்தது. ஆனால் நாமாக ஆன் செய்தால்தானே வேலை செய்யும்? எங்கள் ஆபீசில் யாரும் செய்யவில்லை. எங்களைக் காப்பாற்றியது நெட்வொர்க் பிரிவுப் பையன் ஒருவன். உள்ளே இருக்கும் சர்வர்கள் தாமாக வெளியே போகவே முடியாதபடி ஃபயர்வாலில் அடைத்து வைத்திருந்தான். அதற்காக அவனோடு ஒருமுறை பெரிய சண்டையே போட்டிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், செக்யூரிட்டி மேனேஜர் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே? அந்தப் பையனையும் கூட்டி வருகிறேன், உனக்குப் பிடிக்கும்.

அன்புடன்,
உன் பழைய டீ பார்ட்னர்