நாசாவுக்கு ஒரு திறந்த மடல்: மிச்சமிருக்கும் அப்பல்லோ நாடாக்களையாவது பட்டியலிடுங்கள்

நாசா தலைமைப் பொறுப்பில் இருப்போருக்கு,

வணக்கம். மனிதன் முதன்முதலில் நிலவில் கால்வைத்த அப்பல்லோ 11-இன் படக்காட்சியைப் பதிவுசெய்த மூல காந்த நாடாக்கள் போன கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவற்றை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டதாகத் தெரிகிறது என்று 2009-இல் அறிவித்ததே நீங்கள்தான். நிலவிலிருந்து வந்த சமிக்ஞையைப் பெற்ற ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் க்ரீக் நிலையத்தில் இருந்தவர்கள் கண்ட தெளிவான படம் இனி யாருக்கும் கிடைக்காது. போனது போகட்டும். அதிகம் பேசப்படாத வேறோர் இழப்புதான் என்னை எழுத வைத்தது.

நிலவின் உள்ளிருந்து வெளியேறும் வெப்பத்தை அளக்க, அப்பல்லோ வீரர்கள் அதன் தரையைத் துளைத்து உணர்கருவிகளைப் புதைக்க முயன்றார்கள். அப்பல்லோ 13 தரையிறங்கவே இல்லை. அப்பல்லோ 16-இல் வீரர் ஜான் யங்கின் கால் தட்டிக் கருவியின் கம்பி அறுந்தது. அப்பல்லோ 15-இல் டேவிட் ஸ்காட் துளைப்பானோடு மல்லுக்கட்டியும் நினைத்த ஆழம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, 15-உம் 17-உம் இறங்கிய இரண்டே இடங்களில்தான் அளவீடு எடுக்க முடிந்தது. 1977 செப்டம்பரில் நீங்கள் நிறுத்தும்வரை அந்தக் கருவிகள் தகவல் அனுப்பின. ஆனால் 1974-க்குப் பிந்தைய மூல நாடாக்கள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஆய்வாளர் செய்இச்சி நாகிஹாராவின் குழு பல ஆண்டுகள் தேடி 440 நாடாக்களைக் கண்டெடுத்தது. அவற்றில் இருந்தது 1975 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பதிவு மட்டுமே. மீதியைப் பழைய வாராந்திரக் குறிப்புகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தார்கள். புதைத்த இடத்தில் வெப்பம் ஏன் மெல்ல ஏறியது என்ற பழைய கேள்விக்கு 2018-இல் அவர்கள் தந்த விடை இது: வீரர்கள் நடமாடியதில் மேல்மண் கலைந்து கருமை கூடி, வெயிலை அதிகம் உறிஞ்சியது. நாடாக்கள் கையில் இருந்திருந்தால் இதற்கு 40 ஆண்டுகள் ஆகியிருக்குமா?

ஆகவே கேட்கிறேன்: மிச்சமிருக்கும் ஒவ்வொரு அப்பல்லோ நாடாவும் எந்தக் கிடங்கில், எந்த நிலையில் இருக்கிறது, அதை ஓட்ட இயந்திரம் உண்டா என்று ஒரே பட்டியலாக வெளியிடுங்கள்.

இயந்திரத்தைச் சும்மா கேட்கவில்லை. கட்டுப்பாட்டு அறையின் உரையாடல்கள் 30 தடங்கள் கொண்ட நாடாக்களில் பதிவானவை. அவற்றை ஓட்ட எஞ்சியிருந்த பழைய இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு தடத்தைத்தான் படிக்கும். அப்பல்லோ 11-ஐ மட்டும் எண்ணிமமாக்க (டிஜிட்டலாக்க) 170 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 30 தடங்களையும் ஒன்றாகப் படிக்கும் முனையைச் செய்யவைத்த பிறகே 19,000 மணிநேர ஒலி மீண்டது.

ஆண்டுதோறும் ஜூலை 20 அன்று விழா எடுக்கிறீர்கள். விழாவுக்குக் கிடைக்கும் பணமும் அக்கறையும் கிடங்குக்கு ஏன் கிடைப்பதில்லை? மனிதன் நிலவுக்குப் போகவே இல்லை என்பவர்கள் முதலில் நீட்டுவது காணாமல்போன அந்த நாடாக்களைத்தான். அவர்களுக்குப் பதில் சொல்லி ஓய்ந்துபோவது உங்கள் அதிகாரிகள் அல்லர். பள்ளி ஆசிரியர்களும் ஊதியமின்றி உரையாடல்களை எழுத்தில் ஏற்றிய ஆர்வலர்களும்தான்.

கோபத்தில் சற்று அதிகம் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நிலவுக்கு மறுபடி மனிதரை அனுப்பும் உங்கள் ஆர்ட்டெமிஸ் பயணங்களின் பதிவுகள் வந்து குவியும் முன்பே அந்தப் பட்டியல் வர வேண்டும். எந்தத் தேதிக்குள் வரும் என்பதையாவது தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலவுப் பயண வரலாற்றின் வாசகர் ஒருவர்