சாவித்திரியின் வாழ்க்கை ஒரு வரியில் அடங்காது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நடிகை சாவித்திரியைப் பற்றிப் பேச்சு வந்தாலே, குடிப்பழக்கத்தால் அழிந்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது என்னை மிகவும் வருத்துகிறது. ஏற்கெனவே மணமாகியிருந்த ஜெமினி கணேசனை அவர் 1952-இல் கைப்பிடித்தார். மதராஸ் மாகாணத்திலோ 1949-லேயே இருதாரத் தடைச் சட்டம் வந்துவிட்டதால், அத்தகைய மணத்துக்குச் சட்டத்தின் துணை கிடையாது. எங்கள் தண்டையார்பேட்டையில், ஆண்டுக்கணக்கில் ஒருவரோடு குடும்பம் நடத்தியும் குடும்ப அட்டையில் பெயரின்றி, அவருடைய சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியே நின்று அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு நடிகையர் திலகத்துக்கும் இருந்திருக்காதா?

1968-லேயே தெலுங்கில் படம் இயக்கியவர் அவர். 1971-இல் தாமே தயாரித்து இயக்கிய ‘பிராப்தம்’ தோல்வியுற்றதில் பெரும் பொருளை இழந்தார். மாதக்கணக்கில் நினைவிழந்து கிடந்து, 1981 டிசம்பர் 26 அன்று மறைந்தார். கணவருக்குக் ‘காதல் மன்னன்’ பட்டம் கடைசிவரை நிலைத்திருக்க, பழிச்சொல் இவருக்கு மட்டும் வாய்த்தது எந்த வகையில் நியாயம்?

அவரது நினைவு நாளில் கட்டுரை வெளியிடும்போது, அவர் இயக்கிய படங்களைப் பற்றி முதலில் எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.