கணக்கு நாளுக்கு முன்னால்

வெர்க்ஸ்வர்த், இங்கிலாந்து, 1788

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடவில்லை. உன் பக்கமும் இப்படியே பெய்திருந்தால் நீ கணக்குப் பார்க்கும் ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியிருக்கும். ஏறினால் மறைக்காதே. வேலை நின்ற அன்றே சுரங்க அதிகாரியான பார்மாஸ்டரிடம் சொல்லிவிடு. தண்ணீராலோ காற்றில்லாமலோ நின்ற சுரங்கத்தை ஒருவரும் பறிக்க முடியாது. ஆளில்லாமல் சும்மா கிடந்தால்தான் சுரங்க வாயிலில் உள்ள ராட்டினக் கட்டையில் அவர் அடையாள வெட்டுப் போடுவார். மூன்று வெட்டு விழுந்துவிட்டால் வேறொருவன் கேட்டு வாங்கிக்கொள்வான். சுரங்கத்தின் 24 பங்கும் போகும்.

இந்த வயதில் பங்காளிகள் அத்தனை பேர் சொத்தையும் உன்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெருமை. உன் கையெழுத்தும் முத்து. எழுதத்தான் மாட்டேன் என்கிறாய்.

தாதை அளக்கும் நாளன்று நீயே பக்கத்தில் நில். டிஷ் என்ற அளவுத் தொட்டியால் ஒன்பது டிஷ் ஒரு லோடு. பதின்மூன்றாவது டிஷ் லாட் என்ற தீர்வையாகப் போய்விடும். லோடுக்கு ஆறு பென்னி கோப் என்ற விற்பனைத் தீர்வையும் உண்டு. லாட் போக மிஞ்சியதைத்தான் வரவில் ஏற்று, குவியலைப் பார்த்து ஏற்றாதே. மர டிஷ்ஷில் சந்தேகம் இருந்தால் இங்குள்ள 1513-ஆம் வருஷத்து வெண்கல டிஷ்ஷோடு ஒத்துப் பார்க்கச் சொல்.

தாது எடுப்பவர்களுக்கு லோடுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது எந்த இடம், எத்தனை வாரம், தாங்குமரம் யார் போடுவது, மெழுகுத்திரியும் வெடிமருந்தும் யார் செலவு என்பதையும் ஏட்டில் எழுது. எழுதாவிட்டால் கொழுத்த இடத்தை மட்டும் தோண்டிவிட்டு, மரம் போடாமல் போய்விடுவார்கள். அடுத்து இறங்குகிறவன் தலையில் கல் விழும். கல்லையும் சேர்த்து அளக்கப் பார்ப்பார்கள். கழுவிச் சலித்ததை மட்டும் அள.

ஈயம் உருக்கும் உலை வைத்திருக்கும் பங்காளிக்குத் தாது மலிவாக வேண்டும், மற்றவர்களுக்கு விலை ஏற வேண்டும். அவர் பெரியவர், நமக்கு வேண்டியவர்தான். ஆனாலும் இன்னும் இரண்டு பேரிடம் விலை கேட்டு, சொன்ன விலையைப் பங்காளிகள் கூடும் கணக்கு நாளில் எல்லோர் முன்னாலும் படி.

உன் பழுப்புக் குதிரையைப் பேக்வெல் சந்தையில் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நஷ்டம் வந்தால் பங்குப்படி பிரித்துவிடு. 48 பவுன் துண்டு விழுந்தால் 24-இல் ஒரு பங்குக்கு 2 பவுன், 96-இல் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு 10 ஷில்லிங். தராதவர் பேருக்கு நேரே பாக்கி என்று எழுது. உன் பணத்தைப் போட்டு அடைக்காதே. நீ அடைத்தால் ஏட்டில் சுரங்கம் நன்றாக நடப்பதுபோல் தெரியும், அடுத்த தடவையும் தரமாட்டார்கள், அதையும் நீதான் அடைக்க வேண்டிவரும். லாபம் வந்த காலத்திலும் முழுவதையும் பங்கு போட்டுவிடாமல் கயிறு, மரம், தண்ணீர் இறைப்புக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்.

சுரங்கத் தண்ணீரை வெளியேற்றும் ஹில்கார் வடிகாலை 1766-இல் தொடங்கினார்கள். போன வருஷம்தான் முடிந்தது. இருபத்தொரு வருஷம் பங்காளிகள் பணம் போட்டார்கள். எவ்வளவு தூரம் வெட்டியாயிற்று, என்ன செலவு என்று தெரிந்தால் போடுவார்கள், மகனே. சொல்லாமல் விட்டால்தான் கையை இழுத்துக்கொள்வார்கள். உன் பணத்தைப் போடாதே.

போன இரண்டு கணக்குத் தாளும் எனக்கு வரவில்லை. எப்படி இருந்தாலும் அனுப்பு. நம் வீட்டுப் பங்குக்கு என்ன விழுகிறதோ வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவின் பணம்தானே என்று விட்டுவிடாமல் வரவில் ஏற்றி, ரசீது போடு.

அன்புடன்,
அம்மா