மதியம் இரண்டு மணிக்கு ஜாங்கிரி கேட்டவளுக்கு

ஜார்ஜ் டவுன், பினாங்கு,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

தீபாவளிக்கு நீ எழுதியதற்குத் தைப்பூசம் நெருங்கும்போது பதில் போடுகிறேன். தப்புதான். உன் தம்பியிடம் சொல்லியனுப்பிய வசவும் குறையில்லாமல் வந்து சேர்ந்தது. மூட்டுவலி இருக்கிறது, சர்க்கரை அளவைக் கேட்காதே, மேல்வீட்டு அக்கா மாறவே இல்லை. நலவிசாரிப்பு இத்தோடு முடிந்தது.

நம் பழைய வகுப்புத் தோழர் கூட்டம் பூசத்துக்குப் பினாங்கு வருகிறது என்று நீ தயாரித்த கடைப் பட்டியலை நேற்றுதான் உட்கார்ந்து படித்தேன். 18 கடை. 11 கடைக்கு 'அருமை', 7 கடைக்கு 'சுமார்'. அடியே, நம் டீச்சரம்மா ரிப்போர்ட் கார்டில்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக எழுதுவார். எந்தப் பலகாரம் அருமை, என்ன விலை, எதனால் சுமார்? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. லெபோ பாசார் தெருப் பக்கத்துச் சந்தில் இருக்கிற அந்தச் சின்னக் கடைக்குத் தாராளமாக ஒரு வரி: 'ஜாங்கிரி சவசவ, பேருக்குத்தான் பெரிய பேர்.' அதிசயமாக நேரமும் குறித்திருக்கிறாய். மதியம் 2.10.

இந்தக் கடிதமே அந்த ஒரு வரிக்காகத்தான். நிலைக்கு வந்த தேரைப் பார்த்துவிட்டு அலங்காரம் போதாது என்கிறாய்.

ஜாங்கிரி என்பது உளுந்துக் குழாய். குழாய்க்குள் பாகு நிற்க வேண்டும். கடித்தால் மேல்தோல் லேசாக விட்டுக்கொடுத்து, உள்ளிருந்து பாகு சட்டென்று வாயில் இறங்க வேண்டும். சுட்டு ஊறவைத்த முதல் மூன்று, நாலு மணி நேரம்தான் அந்த விளையாட்டு. அப்புறம் பாகு மெல்லக் கசிந்து தட்டின் அடிக்கு வந்துவிடும், குழாய் அமுங்கிவிடும், மேலே ஈரம் பூக்கும். காலையில் சுட்டதை மதியம் சாப்பிட்டால் சவசவ என்றுதான் இருக்கும். அது மாஸ்டர் குற்றமா, உன் பஸ் குற்றமா?

மாஸ்டர் குற்றம் வேறு மாதிரி தெரியும். உளுந்து ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான் ஊற வேண்டும். அதற்கு மேல் ஊறினால் சுடும்போது எண்ணெய் குடிக்கும். கிலோ உளுந்துக்கு ஒரு கைப்பிடி பச்சரிசி சேர்ப்பது அந்த லேசான மொறுமொறுப்புக்கு. கல் கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடேறிக் காற்றில்லாமல் கனத்துவிடும், ஜாங்கிரி ரப்பராக இழுக்கும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். பாகு வெதுவெதுப்பாக, அரைக் கம்பிப் பதத்தில். பதம் முற்றினால் பாகு உள்ளே போகாது, மேலேயே வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். இனிமேல் 'சவசவ' என்று எழுதுவதற்கு முன்னால் ரப்பரா, எண்ணெயா, வெள்ளைப் பூப்பா என்று பார். மூன்றும் இல்லாமல் வெறுமனே அமுங்கியிருந்தால் நீ நேரம் கழித்துப் போயிருக்கிறாய்.

இன்னொன்று. உன் பட்டியலில் 9-ஆம் கடையில் 'மொறுமொறு ஜாங்கிரி, கொஞ்சம் புளிப்பு, அருமை' என்று இருக்கிறது. அது ஜாங்கிரியே இல்லை, ஜிலேபி. மைதாவைப் புளிக்கவைத்துச் சுற்றுவது. நல்ல ஜிலேபியாகவே இருக்கட்டும், ஆனால் பேரை மாற்று. பூப்பூவாக அடுக்கியிருந்தால் ஜாங்கிரி, ஒழுங்கில்லாத வட்டமாக ஓடினால் ஜிலேபி.

மைசூர்பாகுக்கு நீ ஆறு இடத்தில் 'நெய் மணம்' என்று எழுதியிருக்கிறாய். மணத்தை நம்பாதே, எசன்ஸ் பாட்டிலில் கிடைக்கிறது. வெட்டிய முகத்தைப் பார். கடலைமாவு 1 பங்கு, சீனி 2, நெய் 2 முதல் 3 வரை. கொதிக்கிற நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது மாவு நுரைத்துப் பொங்கும். அந்தப் பொங்கலில் விழுகிற ஓட்டைகள் தேன்கூடு மாதிரி நிற்க வேண்டும். தட்டில் கொட்டிய பிறகும் நடுவில் சூடு தங்குவதால் நடுப்பகுதி ஒரு நிறம் தூக்கலாகவும் ஓரம் வெளுப்பாகவும் இருக்கும். ஓட்டையே இல்லையென்றால் நெய் சூடில்லாமல் விழுந்திருக்கிறது, இல்லை கரண்டியால் அமுக்கிச் சமன் செய்துவிட்டார்கள். (பால்கோவா மாதிரி வழிகிற மெத்து மைசூர்பாகு வேறு ரகம்; அதில் ஓட்டை தேடாதே.) தொட்டதும் மண்ணாக உதிர்ந்தால் பாகு ஒற்றைக் கம்பி தாண்டிவிட்டது.

நெய்யா டால்டாவா என்பதற்கு நாக்கை விட மேலண்ணம் நல்ல சாட்சி. நெய் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். டால்டா உருக அதைவிடச் சூடு வேண்டும், அதனால் அண்ணத்தில் மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும். தின்று முடித்து ஒரு வாய் வெந்நீர் குடித்த பிறகும் அந்த மெழுகு போகவில்லையா, எழுதிக்கொள். நெய்யும் தாவர எண்ணெயும் கலந்த டின்னும் நம் கடைகளில் தாராளமாக விற்கிறது, அதைப் போடுகிறவர்களைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். கலப்பு நெய் விலைக்கு விற்றால் சரி. 'சுத்த நெய்' என்று பலகை வைத்துவிட்டுக் கலப்பைப் போட்டால்தான் வம்பு.

லட்டுக்கு ஒரே சோதனை: இரண்டு வாங்கு, ஒன்றை மறுநாள் தின். பாகு முற்றியிருந்தால் மறுநாள் சீனி கரகரக்கும், வெள்ளை தட்டும். பூந்திக்கு வால் இருந்தால் மாவு கெட்டி, தட்டையாக இருந்தால் மாவு தண்ணீர். பச்சைக் கற்பூரம் கூடினால் தொண்டையில் கசக்கும். கோயில் பிரசாத வாசனைக்கு ஆசைப்பட்டு நிறையப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள். பால்கோவா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 லிட்டர் பால் சுண்டினால் ஏறக்குறைய 1 கிலோ கோவா. 5 லிட்டர் பசும்பாலுக்கு நீ கொடுக்கிற விலைக்கும் குறைவாக ஒரு கிலோ விற்றால் பால்பவுடரோ என்று சந்தேகப்படு. பல்லில் ஒட்டும்.

சாப்பாட்டுக் கடைகளுக்கு வருகிறேன். எதுவானாலும் முதலில் வெறும் தோசை சொல். மசாலாவும் நெய்யும் வெங்காயமும் மாவின் குற்றத்தை மூடிவிடும். நம் ஊர்ச் சூட்டில் எட்டு மணி நேரத்தில் மாவு தானாகப் புளித்துவிடும். அவசரத்துக்குச் சோடா உப்புப் போட்டிருந்தால் தோசை பழுப்பு மஞ்சளாகச் சிவந்து, கடைசி வாயில் சோப்பு மாதிரி ஒரு ருசி நிற்கும். சட்னி காலை பத்து மணிக்குள் சரியாக இருக்கும். பதினொன்றுக்கு மேல் தேங்காய் புளித்துவிடும், அதற்குப் பிறகு சாம்பாரை நம்பு.

புத்து மாயாம் அதைவிடக் கறார். இடியாப்பம் என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கே புரிவதில்லை, அதனால் பட்டியலில் இரண்டு பேரையும் போடு. வறுத்த மாவில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் இழை நீளமாக வரும்; ஆறிய தண்ணீரென்றால் துண்டு துண்டாக உடையும். தேங்காய்ப்பூவில் பழுப்புத் தோல் விழாமல் துருவியிருக்கிறாரா, துளி உப்புப் போட்டு ஆவி காட்டியிருக்கிறாரா என்று பார். ஆவி காட்டிய பூ மதியம்வரை தாங்கும். தள்ளுவண்டிக்காரர் உப்பு ருசியோடு தேங்காய் கொடுத்தால் அவர் கெட்டிக்காரர்.

நாசி கண்டார் கடைகளை, அதுதான் சோற்றில் கறிக்குழம்பு ஊற்றித் தரும் கடைகளை, விட்டுவிட்டாய். பாதிப் பேர் விரதம் என்றாலும் மீதிப் பேர் உன்னைச் சும்மா விடமாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை எழுது: மீன் முட்டை, பெரிய இறால் இரண்டையும் கையால் காட்டும்போதே விலை கேட்க வேண்டும். தட்டில் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை. குழம்பு 'பஞ்சிர்' சொன்னால் நாலு குழம்பையும் கலந்து மூழ்கடித்துவிடுவார்; தனித்தனியாக ருசி பார்க்க வந்தவள் அப்படிச் சொல்லக்கூடாது.

விரதக்காரர்களுக்கு என்று நீ 'வடை வண்டி, சைவம்' எனக் குறித்திருக்கிறாயே, அதை உடனே அடி. அதே சட்டியில்தான் இறால் வடையும் சுடுகிறார். பருப்பு வடையில் இறால் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) மாவிலும் சிலர் முட்டை சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல். காவடி எடுக்கிற பெண்ணிடம் பின்னால் சொல்லி என்ன ஆகப்போகிறது?

செல்வி, இனி கொஞ்சம் சிரிக்காமல் படி.

அந்தச் சந்துக் கடை மேல் எனக்குப் பாசம் என்று நீ நினைப்பாய். பாசத்துக்கு மார்க் போடாதே என்றுதான் நானும் சொல்கிறேன். உன் 4-ஆம் கடைக்குப் 'பழைய மின்விசிறி, மார்பிள் மேசை, பாட்டி காலத்து ருசி, அருமை' என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடையில் இப்போது அடுப்பே எரிவதில்லை. மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார், பலகாரம் அட்டைப்பெட்டியில் வெளியிலிருந்து வருகிறது. எல்லாத் துண்டும் ஒரே அளவு, எல்லாம் காகிதக் கிண்ணத்தில், பின்பக்கம் எண்ணெய் வாசனையே கிடையாது. நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

இங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 கடைசியோடு முடிந்தது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் பேர் ஏறியது. அதற்கப்புறம் சந்து வீடுகளுக்கு வந்த கிராக்கி உனக்கே தெரியும். சீனி கட்டுப்பாட்டு விலையில் கிடைக்கிறது, சரி. மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் வீட்டுக்குத்தான், கடைக்காரர் 17 கிலோ டின் வாங்கித்தான் ஆக வேண்டும். நெய், முந்திரி, ஆள் சம்பளம் எதற்கும் கட்டுப்பாடு கிடையாது. இவ்வளவுக்கும் நடுவில் கிரைண்டரில் உளுந்து அரைத்து, துணியில் ஓட்டை போட்டு, கையால் பிழிகிறவர் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். அவரை 2.10 மணிக்குப் பார்த்துவிட்டு ஒரு வரியில் முடிக்கிறாய். உன் பட்டியல் இருபது பேர் கைக்குப் போகும், அவர்கள் பிள்ளைகளுக்கும் போகும்.

நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: 'இன்று என்ன போட்டீர்கள்?' 'எல்லாமே இருக்கும்மா' என்று வந்தால் பெட்டிச் சரக்கு. அந்தச் சந்துக் கடைக்காரர் போன வாரம் என்ன சொன்னார் தெரியுமா? 'அதிரசம் இல்லை, பாகு இளசாகப் போச்சு, சுட்டா எண்ணெயில கரையும்.' மாவு ஈரமாக இடித்து, வெல்லப் பாகு தண்ணீரில் உருட்டினால் உருண்டை நிற்கிற பதத்தில் ஊற்றி, ஒரு நாளாவது ஊற வைக்க வேண்டும். பதம் தப்பினால் எல்லாம் போச்சு. தப்பிய மாவில் மைதாவை அள்ளிப் போட்டுத் தேற்றி விற்கிறவர்கள் உண்டு. இவர் இல்லை என்று சொல்லிவிட்டார். இதற்கு நீ எத்தனை நட்சத்திரம் போடுவாய்?

பட்டியலைத் திருத்தும்போது ஒவ்வொரு கடைக்கும் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று முதலில் எழுது, பிறகு எதைக் கேட்க வேண்டும் என்று. விலை எழுதினால் தேதியும் போடு, அடுத்த தீபாவளிக்குள் மாறிவிடும். பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலை முருகனின் வெள்ளி ரதம் லெபோ பினாங்கு தெருவிலிருந்து புறப்படும், அந்த வட்டாரத்தில் கார் நுழையாது. பலகாரக் கடைகளும் அந்த இரண்டு நாளும் ஆர்டர் நெருக்கடியில் இருக்கும், சில்லறைக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறதை அதற்கு முந்தின நாளே வாங்கச் சொல். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் பந்தலுக்குப் பந்தல் சோறும் மோரும் கொடுப்பார்கள், அன்றைக்குக் கடை தேடவே வேண்டாம்.

புதன்கிழமைக்குள் திருத்தி அனுப்பு. பட்டியலில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தை நான் தொடவில்லை, அங்கே நீ ராணி. ஆனால் அந்த 'கெட்டிச் சட்னி' கடையை மறுபடியும் சேர்த்திருந்தால் நம் சிநேகிதம் அன்றோடு முடிந்தது.

சந்துக் கடையில் காலை ஒன்பதரைக்கு எட்டுப் பேருக்குப் பதினாறு ஜாங்கிரி சொல்லிவைக்கிறேன். உனக்கு மட்டும் மதியம் இரண்டுக்கு.

உன்,
தவமணி

பின்குறிப்பு: வெள்ளித் தாள் ஒட்டிய பர்பி வாங்குகிறவர்களிடம் சொல், தாளை விரலில் தேய்த்துப் பார்க்கட்டும். வெள்ளி என்றால் தூளாகி மறைந்துவிடும். தூளாகாமல் நின்றால் அது அலுமினியம்.