இரண்டு டர்போவும் சேர்ந்தே ஓடட்டும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குக் கேட்ட பிரிவே கிடைத்ததில் எங்களுக்கும் ரொம்ப சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாட்டை நினைத்துக் கவலைப்படாதே, பழகிவிடுவாள். இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் சொட்டு மருந்து மட்டும் இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறோம். ஆக்லாந்தில் குளிரும் மழையும் ஆரம்பித்துவிட்டன.

சரி, என் ஸ்போர்ட்ஸ் கார் விஷயம். ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் அதன் இரண்டு டர்போவையும் (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுபவை) எப்போதும் சேர்ந்தே ஓடும்படி, அதாவது பேரலலாக, மாற்றப்போகிறேன் என்று எழுதியிருந்தேன். "ஆர்எக்ஸ்-7இல் கம்பெனி வைத்ததை ஏன் மாற்றுகிறாய்? மாஸ்டா இன்ஜினியர்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் செய்ததைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டுதான் போகிறது. பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தமே 1.3 லிட்டர். இவ்வளவு சின்ன இன்ஜினில் கீழ் ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்குக் குறைவான சுற்றில் ஓடும்போது, வருகிற எக்ஸாஸ்ட் கொஞ்சம்தான். அதை இரண்டு டர்போவுக்கும் பங்கு போட்டால் இரண்டுமே மந்தமாகச் சுற்றும். அதனால் சுமார் 4500 ஆர்பிஎம் வரை எல்லா எக்ஸாஸ்டையும் முதல் டர்போவுக்கே கொடுத்துவிட்டு, அதற்கு மேல் இரண்டாவதைச் சேர்க்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கிற ஏரில் இரண்டாவது மாட்டைப் பூட்டுவது மாதிரியான வேலை இது. சும்மா நிற்கிற டர்போவைத் திடீரென்று சேர்த்தால் பூஸ்ட், அதாவது உள்ளே தள்ளுகிற காற்றின் அழுத்தம், விழுந்துவிடும். ஆகவே கொஞ்சம் முன்னாலேயே ஒரு சின்ன வால்வு வழியாக எக்ஸாஸ்டை விட்டு அதைச் சுற்ற வைக்கிறார்கள். அப்போது அது அழுத்துகிற காற்றை இன்னொரு வால்வு வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. முதல் டர்போவின் காற்று பின்னோக்கி ஓடாமல் மூன்றாவது வால்வு அடைத்து நிற்கிறது. நேரம் வந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் மாற வேண்டும். போர்ஷே 959 கார் இதை 1986இலேயே செய்தது. மாஸ்டா 1990இல் தன் காஸ்மோ காரில் கொண்டுவந்து, அடுத்து இந்த வண்டியில் வைத்தது. எல்லாம் சரியாக இருந்தால் பூஸ்ட் மீட்டர் 10 பிஎஸ்ஐ காட்டும், 4500இல் 8க்கு இறங்கும், உடனே 10க்குத் திரும்பும்.

அந்த வால்வுகளை ஆட்டி வைப்பது வாக்குவம் ஹோஸ்களும் (காற்றழுத்தம் கடத்தும் ரப்பர் குழாய்கள்) சோலனாய்டுகளும் (மின்சாரத்தில் திறந்து மூடுபவை). அவை இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், ரோட்டரி இன்ஜினின் சூட்டிலேயே வேகின்றன. என்னுடையது 1993 மாடல், 255 குதிரைத்திறன். மேனிஃபோல்டைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு ஹோஸைக் கழற்ற லேசாக வளைத்தேன். நிப்பிளிலேயே ஒடிந்து நின்றது. இப்படி ஒன்று விரிசல் விட்டாலே போதும், இரண்டாவது டர்போ சேராது. எந்த ஹோஸ் என்று தேட மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

முதலில் ஹோஸ் எல்லாவற்றையும் சிலிகானுக்கு மாற்றி, பழைய முறையிலேயே சரியாக ஓட வைத்தேன். இதை எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன்: எங்கே கோளாறு என்று தெரியாமல் பேரலலுக்குப் போகவே கூடாது. பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்டை வெளியேற்றும் வேஸ்ட்கேட் சரியில்லாத வண்டி எந்த முறையில் ஓடினாலும் இன்ஜினைத் தின்றுவிடும்.

அப்புறமும் ஏன் மாற்றுகிறேன் என்றால், மழை நாளில் மலைப்பாதை வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி வெளியே வரும்போது சரியாக அந்த 4500 வரும். இரண்டாவது டர்போ சேர்கிற அந்த நொடியில் பின் சக்கரங்களுக்கு ஒரு தள்ளு. ஈர ரோட்டில் அது எனக்கு வேண்டாம். பேரலலில் பூஸ்ட் ஒரே சீராக ஏறும், கால் சொன்னபடி கேட்கும். அதற்காகக் கீழே கொஞ்சம் இழக்கத்தான் வேண்டும். 3000க்குள் கிடைத்த முழு பூஸ்ட் இனி 3500ஐ ஒட்டித்தான் வரும். தினமும் டிராஃபிக்கில் ஆபீஸ் போகிறவனுக்கு நானே வேண்டாம் என்பேன். என் வண்டி ஞாயிற்றுக்கிழமை வண்டி.

மாற்றுவதற்கு இரண்டு வழி. வால்வுகளைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிடுவது ஒன்று. அதில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் வால்வுத் தட்டு எக்ஸாஸ்டின் குறுக்கே அப்படியே நிற்கும். நான் அந்தத் தட்டையும் ஷாஃப்டையும் எடுத்துவிடுகிறேன். சோலனாய்டுகள் இருந்த இடத்தில் ரெசிஸ்டர் வைத்தால் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ குழம்பாது. ஒன்றில் மட்டும் பயம் உண்டு. தடை குறைந்ததும், சின்ன வேஸ்ட்கேட் துளையால் சமாளிக்க முடியாமல் பூஸ்ட் தானாக ஏறும். ரோட்டரியில் ஒரு தடவை நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வந்தால் ரோட்டார் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல் போய்விடும். ஆகவே துளையைப் பெரிதாக்காமல் வண்டியை வெளியே எடுக்க மாட்டேன்.

இங்கேதான் உன் உதவி வேண்டும். ஷாஃப்ட் இருந்த துளைகளை வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். மேனிஃபோல்ட் வார்ப்பு, 900 டிகிரி வரை சூடேறும் இடம். பிரேசிங் அங்கே நிற்காது. கோவையில் தினமும் காஸ்டிங்கோடு இருக்கிறவன் நீ. நிக்கல் ராட் போடலாமா, எவ்வளவு சூடேற்றிவிட்டு ஆரம்பிக்க வேண்டும், ஆற விடுவதற்கு மணலில் புதைத்தால் போதுமா? உன் ஃபவுண்டரி மேஸ்திரியிடமும் கேட்டு எழுது. அதுவரை அந்த வேலையைத் தொட மாட்டேன்.

தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்