நகர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பேரவைக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டில் சங்கம் ஆற்றிய பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மரக்கன்று நடுதலும் ஊருணி வரத்துக்கால் தூர்வாருதலும் வழக்கம்போல் நடைபெற்றன; அவற்றின் விவரங்கள் குழுக் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன. நமது பேரூராட்சி எல்லைக்குள் இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடங்களைக் குறித்துச் சங்கம் முனைந்து செயல்பட வேண்டும் என்று சென்ற பேரவை ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்தப் பணிக்கே இவ்வாண்டின் உழைப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டோம் என்பதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதாகவே அமைகிறது.

பொறையாறு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 2017 அக்டோபர் 20 அதிகாலை ஓய்வறையின் கூரை இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் எட்டுப் பேர் உயிரிழந்தனர். 1943-இல் கட்டப்பட்ட கட்டடம் அது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நேர்ந்தவை. நமது ஊரில் சென்ற ஐப்பசியில், நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீடொன்றின் பின்கட்டு மதில் சந்துக்குள் சரிந்தபோது நள்ளிரவு ஆனதால் மட்டுமே ஒருவருக்கும் தீங்கில்லை. பகலில் அது பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழி. இந்தப் பணியை அடுத்த மழைக்கு ஒத்திவைக்க இயலாது என்று குழு கருதியதற்கு இதுவே காரணம்.

நமது ஊர் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் வீடுகள் ஏன் இந்நிலைக்கு வந்தன என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள் என்றாலும், நமது நடவடிக்கை அந்தக் காரணத்தைச் சார்ந்தே அமைய வேண்டியிருந்ததால் சுருக்கமாகக் கூறுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940-கள் வரை பர்மா, மலாயா, இலங்கை வணிகத்தின் செல்வத்தில் எழுந்த வீடுகள் இவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்ததும், விடுதலைக்குப் பின் அந்நாட்டு அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியதும் அவ்வருவாயை அறுத்தன. வீடுகளோ பங்காளிகளுக்குப் பொதுவாகவே நின்றன. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றெனப் பிரிந்தனவே தவிர, முகப்பும் பட்டாசாலை என்னும் கூடமும் கூரையும் பிரியவில்லை. இன்று ஒரு வீட்டுக்கு நாற்பது, ஐம்பது வாரிசுகள் இருப்பது வியப்பில்லை. அறைக்கு உரியவர் உண்டு. கூரைக்கு உரியவர் எவருமில்லை. ஓர் ஓடு நழுவினால் அதை மாற்றும் பொறுப்பு எல்லாருக்கும் உரியதாகி, அதனாலேயே ஒருவராலும் செய்யப்படாமல் போகிறது. நாட்டு ஓடு நழுவிய இடத்தில் நீர் இறங்கி, தேக்கு உத்தரத்தின் முனை இற்று, கறையான் ஏறி, சுவர்த் தலையில் ஆலும் அரசும் வேர்விட்டால், பத்துப் பதினைந்து மழையில் வீடு வீழ்ந்துவிடும்.

முதலில் நமது குழுவினர் தெருத் தெருவாகச் சென்று வெளியிலிருந்து காணக்கூடியவற்றைக் குறித்து ஒரு பதிவேடு தயாரித்தனர். எந்த வீட்டின் உள்ளும் அனுமதியின்றி நுழைவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். ஓய்வுபெற்ற பொறியாளரான உறுப்பினர் ஒருவர் ஊதியம் பெறாமல் உடன் வந்து, தெருவோரம் விழக்கூடியவை, உட்புறமாக விழக்கூடியவை, பார்வைக்குப் பாழாக இருந்தாலும் சுவர் உறுதியாக உள்ளவை என்று மூன்றாகப் பிரித்துத் தந்தார். இந்தப் பாகுபாடு பின்னர் பேருதவியாக இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் கறுத்து உதிர்ந்து தோன்றினாலும் பல வீடுகளில் பலமாகவே இருக்கிறது. அதற்கு மாறாக, அண்மையில் சிமெண்டு பூசி வெள்ளையடித்த சுவர்கள் சில, உள்ளேறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளுக்குள்ளேயே நொறுங்கிக் கொண்டிருக்கின்றன. கண்ணுக்கு அழகில்லாதது அனைத்தையும் இடிக்கச் சொல்வது நமது நோக்கமாக ஒருநாளும் இருத்தல் ஆகாது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை அதிகாரம் போதாமல் இல்லை. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இருந்ததுபோலவே, அதற்கு மாற்றாக 2023 ஏப்ரல் முதல் விதிகளுடன் நடைமுறைக்கு வந்துள்ள 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்திலும், ஆபத்தான கட்டடத்தைப் பழுதுபார்க்கவோ, வேலியிடவோ, அகற்றவோ உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பவும், அவர் செய்யாதபோது தாமே செய்து செலவை வசூலிக்கவும் உள்ளாட்சிக்கு வழியுண்டு. சிக்கல் அறிவிப்பு யாருக்குப் போகிறது என்பதில்தான் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நாம் பெற்ற பதிலை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பல வீடுகளின் சொத்துவரிப் பதிவேட்டில் இன்றும் தாத்தாவின் பெயரே உள்ளது தெரியவந்தது. காலமானவரின் பெயருக்கு ஒட்டப்படும் அறிவிப்பு கதவிலேயே வெயிலில் வெளுத்துப் போகிறது.

ஆகவே வாரிசுகளைத் தேடுவதையே முதல் வேலையாக ஏற்றுக்கொண்டோம். வில்லங்கச் சான்றும் நில அளவைப் பதிவேட்டு நகலும் ஓரளவே உதவின. கோயில் புள்ளிக் கணக்கை அறிந்த பெரியவர்கள் தந்த விவரமே பெரிதும் கைகொடுத்தது. சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சிதறியிருக்கும் பங்காளிகள் ஒன்றுகூடுவது முன்னோரை வழிபடும் படைப்புக்கும் திருமணத்துக்கும்தான் என்பதால், படைப்பு நடக்கும் நாட்களை ஒட்டியே அவர்களைச் சந்தித்தோம். கும்பிட வந்த இடத்தில் வழக்குப் பேசுகிறீர்களே என்று மனம் வருந்தியவர்களும் உண்டு. எனினும் விழும் நிலையிலுள்ள உத்தரத்தை நேரில் காட்டியபோது, பெரும்பாலோர் அதுவரை அறியாததை அறிந்தவர்களாக அமைதியாகக் கேட்டார்கள். வெளிநாட்டில் வாழும் பங்காளி இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் எழுதித் தர விரும்பினால், அவ்வாவணத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்டு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. இதற்கென எளிய தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டு வழங்கினோம். சங்கத்தின் இவ்வாண்டுச் செலவுகளில் மிகுந்த பயன் தந்தது அதுவே என்பது என் கருத்து.

இம்முயற்சியால் பெருமாள் கோயில் தெருவிலுள்ள ஒரு வீட்டின் பங்காளிகள் பங்கு வீதம் பணம் திரட்டி, முகப்புக் கூரையின் ஓடுகளை மாற்றி, சுவரிலிருந்த அரசமரத்தை வேரோடு எடுத்து, அவ்விடத்தைச் சுண்ணாம்பிலேயே பூசியிருக்கிறார்கள். செடியை மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழையில் மீண்டும் தழைக்கும் என்பதால், வேரை எடுக்கச் சில வரிசைச் செங்கற்களைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. வரிப்பதிவேட்டில் பெயர் மாற்றத்துக்கும் அவர்கள் விண்ணப்பித்துள்ளார்கள். அக்குடும்பத்தாருக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

சந்தைப்பேட்டை வழியிலுள்ள மற்றொரு வீட்டின் மீது பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் இருந்ததால், வீட்டில் கை வைக்க ஒரு தரப்பும் துணியவில்லை. தெருப்பக்க மாடமோ எந்த நாளும் விழலாம் என்ற நிலை. இங்கேதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 133-ஆம் பிரிவு, அதாவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, நமக்குத் துணை நின்றது. விழுந்து தீங்கு விளைவிக்கக்கூடிய கட்டடத்தையோ மரத்தையோ அகற்றவும், பழுதுபார்க்கவும், தாங்கு கொடுக்கவும் நிர்வாக நடுவர் நிபந்தனை ஆணை பிறப்பிக்க அது இடமளிக்கிறது. முறையாகப் பிறப்பித்த அவ்வாணையை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. நிர்வாக நடுவர் என்ற முறையில் கோட்டாட்சியரிடம் புகைப்படங்களுடன் மனு அளித்தோம். அவர் நேரில் பார்வையிட்டு, இரு தரப்பையும் விசாரித்து, மாடத்தை மட்டும் இறக்கி எஞ்சிய சுவருக்குத் தாங்கு கொடுக்க ஆணையிட்டார். பிரித்த தேக்குச் சட்டங்களும் கதவுகளும் பட்டியலிடப்பட்டு வீட்டினுள்ளேயே பூட்டி வைக்கப்பட்டன. பட்டியலிட வேண்டும் என்று மனுவிலேயே கேட்டிருந்தோம். அதற்கான காரணத்தை அடுத்துக் கூறுகிறேன்.

இடிக்கும் அறிவிப்பு சிலருக்கு வேறு வகையில் பயன்படுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டுத் தூண்களும் நிலைகளும் விற்பனைக்கு நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு பங்காளி மற்றவர்களைக் கேளாமல் மரத்தை விற்பதற்கு, ஆபத்தான கட்டடம் என்று வரும் தாள் நல்ல சாக்காகிவிடுகிறது. இவ்வாண்டு நமது மேலத்தெருவில் பழுதுபார்த்திருக்கக்கூடிய ஒரு வீடு அவ்வாறே பிரிக்கப்பட்டு, தூண்கள் லாரியில் சென்றுவிட்டன. கல் மேடை மட்டும் நிற்கிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ளது. ஆயினும் அப்பட்டியல் ஒரு தூணையும் தடுத்து நிறுத்தாது. ஆகவே விழும் பகுதி எது, நிற்கும் பகுதி எது என்று பிரித்துச் சொல்லாத எந்த மனுவிலும் சங்கம் கையொப்பமிடாது என்று குழு முடிவு செய்துள்ளது.

கடைவீதிக் கட்டடங்களிலும் இதே கவனம் தேவைப்பட்டது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்திலிருந்தே குறைந்த வாடகையில் நடக்கும் கடைகளைச் சில உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதில்லை. கட்டடம் தானாக வீழ்ந்தால் வாடகைக்காரர் தானாக வெளியேறுவார் என்ற எண்ணம் அதில் இருக்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி வாடகைக்காரரை வெளியேற்றக் கோருவதற்கு வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அந்த வேலையைச் சங்கத்தின் மனு செய்துகொடுக்கக் கூடாது. இவ்வகையில் வந்த கோரிக்கைகளை ஏற்கவில்லை.

பூட்டிய வீடுகளின் கிணறு, தொட்டி, உடைந்த அண்டா ஆகியவற்றில் கொசுப்புழு பெருகுவதைப் பற்றிச் சுகாதார ஆய்வாளரிடம் தெரிவித்தோம். சாவி உள்ள வீடுகளில் உரியவர்களின் இசைவுடன் மருந்து தெளிக்கப்பட்டது.

வரும் ஆண்டுக்குப் பேரவையின் ஒப்புதலை வேண்டுபவை: பதிவேட்டில் தெருவோரம் விழக்கூடியவை என்று குறித்த கட்டடங்களை ஆவணி முடிவதற்குள் பொறியாளரைக் கொண்டு மீண்டும் பார்வையிடுதல், பதிவேட்டின் நகலைப் பேரூராட்சி மன்றத்திடமும் பகுதி சபையிலும் அளித்தல், பங்காளிகள் தெருப்பக்கக் கூரையை மட்டும் பழுதுபார்க்கத் திருப்பித் தரும் முறையில் கைமாற்று வழங்க ஒரு தனி நிதி தொடங்குதல். மூன்றாவது பற்றிக் குழுவுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தனியார் வீட்டுக்குப் பொதுப்பணமா என்ற கேள்வி நியாயமானதே. எனினும் கூரைக்கு ஓடு மாற்றும் செலவு, சுவர் விழுந்தபின் ஆகும் செலவில் சிறு பகுதியே என்பதையும், அந்தச் சுவருக்குக் கீழே நடப்பவர் வீட்டுக்காரர் அல்லர் என்பதையும் கருதி, இத்தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்