கூரை முழுவதற்கும் இழப்பீடு தாருங்கள்: காப்பீட்டு நிறுவனத்தின் மண்டல மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலம் பக்கத்தில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் எங்கள் ஆலையின் கோப்பு தங்கள் மேசைக்கு ஏற்கெனவே வந்ததுதான் என்பதால், ஃபெஞ்சல் புயலின் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய பின்பும் நகராமல் புதுச்சேரியை ஒட்டியே அது நின்றதும், மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியதும் தாங்கள் அறிந்தவையே. அந்தப் புயலால் எங்கள் ஆலையின் தகரக் கூரை சேதமடைந்தது என்பதைத் தங்கள் நிறுவனமும் மறுக்கவில்லை. விழுந்த தகரங்களுக்கு மட்டுமே இழப்பீடு என்று தாங்கள் அண்மையில் அனுப்பிய இறுதிக் கடிதமும், அதனுடன் கையெழுத்துக்காக வந்த டிஸ்சார்ஜ் வவுச்சருமே (தொகையைப் பெற்றுக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்வதாக எழுதித் தரும் சீட்டு) இந்த மடலை எழுத வைத்தன.

இழப்பை மதிப்பிட வந்த தங்கள் சர்வேயர், பறந்துபோய் விழுந்த தகரங்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டார். மேலே நிற்பவை நன்றாக இருப்பதாகவும், அவற்றில் தெரியும் துளைகள் பழமையால் வந்த தேய்வு என்றும் எழுதிவிட்டார். ஏணி வைத்து ஏறிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம், அவர் ஏறவில்லை. காற்று அடியில் புகுந்து தூக்கி உதறும்போது எல்லாத் தகரமும் பறந்துவிடுவதில்லை. திருகு இறங்கிய இடத்தில் துளை நீள்கிறது, ரப்பர் வாஷர் கிழிகிறது, தகரத்தைத் தாங்கும் பர்லின் என்ற குறுக்குச் சட்டம் முறுக்கிக்கொள்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குக் கூரை முழுதாகத்தான் தெரியும். ஆலைக்குள் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால்தான் திருகுகளின் ஓரத்தில் வரிசை வரிசையாக வெளிச்சம் தெரியும், மழை நாளில் அத்தனை வழியிலும் தண்ணீர் இறங்கும். துருப்பிடித்து விரிந்த துளையின் ஓரம் பழுப்பேறி அரித்திருக்கும்; காற்று இழுத்துக் கிழித்த துளையோ ஒரே பக்கமாக நீண்டு, கிழிந்த இடத்தில் உலோகம் பளிச்சென்றிருக்கும். புயல் ஓய்ந்த கையோடு நாங்கள் எடுத்த படங்களில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. அவை தங்கள் கோப்பிலும் உள்ளன. காகித உருளையின் ஓரம் நனைந்தால்கூட அதை இயந்திரத்தில் ஏற்ற முடியாது என்பதால், மழைக்காலம் முழுக்க உருளைகளைத் தார்ப்பாயால் மூடி இடம் மாற்றி இடம் மாற்றியே தொழில் செய்தோம்.

ஆகவே கேட்கிறோம்: விழுந்த தகரங்களுக்கு மட்டுமல்ல, கூரை முழுவதையும் மாற்றும் செலவைத் தாருங்கள்.

எங்களுடையது சிறு தொழில்களின் சொத்துகளுக்கான பாரத் லகு உத்யம் சுரக்ஷா பாலிசி. கட்டடத்தைப் பழையபடி புதிதாக எழுப்ப ஆகும் செலவைத் தருவதே அதன் அடிப்படை. அப்படியிருக்க, தகரத்தின் வயதைக் காட்டித் தேய்மானம் கழித்திருக்கிறீர்கள். கேட்டால், வேலையை முடித்துச் செலவுக் கணக்கைக் காட்டினால்தான் முழு மதிப்பு என்றும், அதற்குப் பன்னிரண்டு மாதக் கெடு உண்டு என்றும் பதில் வருகிறது. பணம் வராமல் கூரை போட முடியாது. கூரை போடாமல் பணம் வராது. தாமதம் தங்களுடையது, கெடு மட்டும் எங்களுக்கு! இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமிக்கவும், அறிக்கையை 15 நாளில் பெறவும், அதன்பின் 7 நாளில் முடிவெடுக்கவும் சொல்கிறது. இவற்றுள் ஒன்றாவது எங்கள் கோப்பில் நடந்திருந்தால் இந்த மடலுக்கே வேலையிருந்திருக்காது. முழுமையும் இறுதியுமாகப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் குறைந்த தொகையும் வரும் என்கிறீர்கள். பாலிசிதாரரின் உரிமையை அடைக்க டிஸ்சார்ஜ் வவுச்சரைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே ஆணையம் 2015-லேயே அறிவுறுத்திவிட்டது.

இது எங்கள் ஒரு ஆலையின் துயரம் மட்டுமன்று. 2011-இல் தானே, 2018-இல் கஜா என்று இந்தக் கரையோரம் அடுத்தடுத்துப் புயல்களைப் பார்த்துவிட்டது. கடன் தரும் வங்கி கேட்கிறது என்று ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டுகிற சிறு தொழில்காரர், கூரை போன பிறகு யாரிடம் போவார்? காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் தனியுரிமையாளரும் குறுந்தொழில் நடத்துவோரும் போகலாம். குறுந்தொழில் வரம்பைத் தாண்டிய எங்களைப் போன்ற கூட்டாண்மை நிறுவனத்துக்கு அந்த வழியில்லை. தொழிலுக்காக எடுத்த காப்பீடு என்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்திருப்பது ஆறுதல்தான். ஆனால் வழக்கு முடியும்வரை கூரை காத்திருக்குமா?

வழக்குக்குப் போகும் எண்ணத்தோடு இதை எழுதவில்லை. வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. தங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பி, அவர் மேலே ஏறி ஒவ்வொரு வரிசையையும் பார்த்து மறுமதிப்பீடு செய்ய ஏற்பாடு செய்யுங்கள். சர்வே அறிக்கையின் நகலை எங்களுக்குத் தாருங்கள். மறுக்கப்படாத தொகையை நிபந்தனையின்றி உடனே விடுவித்து, மீதிக்கான பன்னிரண்டு மாதக் கெடுவை எழுத்து மூலம் நீட்டித்துத் தாருங்கள். கூரை முழுவதற்குமான செலவைத் தேய்மானம் கழிக்காமல் வழங்க ஆவன செய்யுமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பொறியாளர் எந்த நாளில் வந்தாலும் ஏணியோடும் படங்களோடும் ஆலையில் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் பாலிசிதாரர்,
மயிலம் வட்டாரம், விழுப்புரம் மாவட்டம்